நாரும் பிசினும் ஒட்டுவது எப்படி? தாவர நார்களின் வேதிப் பக்குவம், தொடக்கத்திலிருந்து

"நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் நார் வலுவாகிவிடும்." தாவர நார் கலந்த பலகைகள், காரின் கதவு உட்பக்கத் தகடுகள் என்று பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. மாணவர்களின் செய்முறை அறிக்கைகளில் பலமுறை இதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், "இயற்கை நாரை ரசாயனத்தில் முக்கியபின் அதில் இயற்கை எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இந்தப் பக்குவம் நாரையே வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது என்பது. நடப்பது வேறு. நாரும் அதைச் சுற்றியுள்ள பிசினும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் புகக் கூடாது. இந்த இரண்டு காரியங்களுக்காகத்தான் இத்தனை பாடு. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

திரியும் மெழுகும்

ஒரு மெழுகுவத்தியின் திரியைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகு திரியை நன்றாகக் கவ்வியிருந்தால் முழு மெழுகுவத்தியும் சேர்ந்து வரும். மெழுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலும் பலமாக இழுத்தால் ஒரு கட்டத்தில் திரி அறும். ஆனால் திரியின்மேல் எண்ணெய் தடவி அதன்பின் மெழுகு ஊற்றியிருந்தால்? திரி வழுக்கிக்கொண்டு உருவி வந்துவிடும். அது எவ்வளவு உறுதியான திரி என்பது அப்போது ஒரு பொருட்டே இல்லை. அறுபடும் நிலைக்கே அது போகவில்லை.

கூட்டுப்பொருளின் கதையும் இதுதான். வெவ்வேறு இயல்புள்ள பொருள்களைச் சேர்த்து, தனித்தனியே அவற்றால் தர முடியாத பயனைச் சேர்ந்து தரச்செய்தால் அது கூட்டுப்பொருள். வைக்கோல் கலந்த மண்சுவர் மிகப் பழைய உதாரணம். கண்ணாடி இழைப் படகு அண்மைக்கால உதாரணம். இவற்றில் நார் இழுவிசையைத் தாங்குகிறது. நாரைச் சூழ்ந்திருக்கும் பொருள் நார்களை அவற்றின் இடத்தில் நிறுத்தி, சுமையை அவற்றுக்குக் கடத்துகிறது. அந்தச் சூழ்பொருள் எப்பாக்சியாக இருந்தாலும், பாலியெஸ்டராக இருந்தாலும், உருக்கி வார்க்கும் பாலிபுரோப்பிலீனாக இருந்தாலும், இக்கட்டுரையில் அதைப் பிசின் என்றே சொல்கிறேன்.

இனி வருவதை ஊன்றிக் கவனியுங்கள். ஒரு தகட்டுக்குள் புதைந்திருக்கும் சிறு நாரின் இரு நுனிகளையும் யாரும் பிடித்து இழுப்பதில்லை. தகட்டை வளைக்கும்போது சுமை முதலில் பிசினுக்குள் வருகிறது. பிசினிலிருந்து நாரின் பக்கவாட்டுப் பரப்பு வழியாகத்தான் நாருக்குள் நுழைகிறது. நாரும் பிசினும் தொட்டுக்கொள்ளும் இந்த மெல்லிய எல்லைக்கு இடைமுகம் என்று பெயர். அங்கே பிடிப்பு இல்லையென்றால் நார் வெறும் விருந்தாளி, சுமையில் பங்கெடுக்காது.

சுருக்கமாக: நாரின் வலு ஒன்று, அந்த வலு தகட்டுக்குப் பயன்படுவது இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் பாலம் இடைமுகம்.

நாரே ஒரு கூட்டுப்பொருள்தான்

தாவர நாரின்மேல் இத்தனை பேருக்கு ஆர்வம் வரக் காரணம் எடை. கண்ணாடி இழை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம் எடை கொண்டது. தாவர நாரின் திடப்பகுதி சுமார் 1.5 கிராம்தான். அதனால் ஆளி, சணல் போன்ற நல்ல நார்கள், ஒரே எடைக்கு ஒப்பிட்டால், விறைப்பில் கண்ணாடி இழையோடு போட்டியிடக்கூடியவை. இது புதிய கனவும் இல்லை. ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபான்ட் காரின் வெளித்தகடுகள், பருத்திக் கழிவையும் ஃபீனால் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தவை.

கையில் பிடித்திருக்கும் ஒரு சணல் நார் உண்மையில் ஒற்றை நார் இல்லை. நீண்டு மெலிந்த பல செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டு அது. ஒவ்வொரு செல்லும் நடுவில் துளையுள்ள குழாய். குழாயின் சுவரில் செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் ஓடுவதுபோல் ஓடுகின்றன. கம்பிகளைச் சுற்றிய சிமென்ட் வேலையைச் செய்பவை இரண்டு: கிளைகள் கொண்ட, தளர்வான சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ், விறைப்பும் பழுப்பு நிறமும் தரும் லிக்னின். செல்லையும் செல்லையும் ஒட்டிவைப்பதில் பெக்டின் என்ற கூழ்மப் பசைக்கும் பங்குண்டு. எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சு. தாவரம் தனக்காக மிக நுட்பமாகக் கட்டிய கூட்டுப்பொருளைத்தான் நாம் இன்னொரு கூட்டுப்பொருளுக்குள் வைக்கிறோம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்புத் தருவது இது.

நாரின் வலு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விடை இந்தச் சுவரில்தான் இருக்கிறது. செல்லுலோஸ் கம்பிகள் குழாயைச் சுற்றிச் சுருளாக ஓடுகின்றன. ஆளி நாரில் அந்தச் சுருள் ஏறத்தாழ நாரின் நீளத்தோடே போகிறது. சாய்வு 10 பாகை அளவுதான். அதனால் அது விறைப்பானது. சில சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும். தென்னை நாரில் சாய்வு 40 பாகையை ஒட்டி இருக்கிறது. அதை இழுத்தால் கம்பிச்சுருள்போல் நீள்கிறது. இந்தச் சாய்வைத் தீர்மானித்தது செடி. ஒரு தொட்டிக் கரைசல் தென்னை நாரை ஆளி நாராக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

பிசின் ஏன் ஒட்ட மறுக்கிறது?

முதல் காரணம் எளிது: அழுக்கு. சுண்ணாம்பு உதிரும் சுவரில் சாயம் பூசினால் சாயம் சுவரில் ஒட்டாது, உதிரும் பொடியில்தான் ஒட்டும். நாரின் வெளியே இருக்கும் மெழுகும் பெக்டின் மிச்சமும் அந்தப் பொடியைப் போன்றவை. பிசின் அவற்றைப் பிடித்துக்கொண்டாலும், சுமை வரும்போது அவை நாரைவிட்டுக் கழன்றுவிடும்.

இரண்டாவது காரணம் ஆழமானது. செல்லுலோஸ் சங்கிலியின் ஒவ்வொரு குளுகோஸ் கண்ணியிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஹைட்ராக்சில் என்பது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொக்கி. தண்ணீர் மூலக்கூறைக் கண்டால் உடனே பற்றிக்கொள்ளும். இந்தப் பற்றுதலுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஒவ்வொரு பிணைப்பும் தனியே மென்மையானது, எண்ணிக்கையில் கோடானுகோடி. ஈரக்காற்றில் நார் தானாகவே நீரை உறிஞ்சுவது இதனால்தான். வணிகத்தில் சணலை எடைபோடும்போது உலர்ந்த எடையில் 13.75% ஈரத்தை இயல்பானதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். பருத்திக்கு அது 8.5%.

பாலிபுரோப்பிலீனின் இயல்பு இதற்கு எதிரானது. அதன் சங்கிலியில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே, எண்ணெயைப் போல. நாரின் கொக்கிகள் பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. எண்ணெய் தடவிய கண்ணாடியில் தண்ணீர் பரவாமல் உருண்டு நிற்குமே, அதேபோல் உருகிய பிசின் நாரின்மேல் சீராகப் பரவ மறுக்கிறது. எப்பாக்சி போன்ற பிசின்களில் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. அங்கும் ஈரம் தன் தொல்லையைக் கொடுக்கும். வார்ப்பின் வெப்பத்தில் நாரிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழிகளை விட்டுச்செல்லும். பிறகு, பயன்பாட்டில், நார் ஈரத்தில் பருத்தும் வறட்சியில் சுருங்கியும் இடைமுகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும்.

சுருக்கமாக: தீர்க்க வேண்டிய சிக்கல்கள் மூன்று. மேற்பரப்பு அழுக்கு, பிசினோடு ஒவ்வாமை, நீர் வேட்கை. இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் குறிவைக்கிறது.

காஸ்டிக் சோடா: மிக எளிது, மிக அதிகமாகத் தவறாகச் செய்யப்படுவது

சோடியம் ஹைட்ராக்சைடின் வழக்குப் பெயர் காஸ்டிக் சோடா. அதை நீரில் கரைத்து நாரை ஊறவைப்பதே காரக் கழுவல். 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், அடர்த்தியான காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டியபோது துணி தடித்துச் சுருங்குவதைக் கண்டார். 1850-இல் காப்புரிமை பெற்றார். மெர்சரைசேஷன் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். துணி ஆலையில் பயன்படும் கரைசல் மிகவும் அடர்த்தியானது. அது செல்லுலோஸ் சங்கிலிகள் அடுக்கப்பட்டிருக்கும் படிக ஒழுங்கையே மாற்றுகிறது. துணி சாயத்தை நன்றாக ஏற்பதற்காகச் செய்வது அது. கூட்டுப்பொருளுக்கான நாருக்கு வழக்கமாக எடுப்பது அதைவிட மிக நீர்த்த கரைசல். 5% அளவில் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்தச் செறிவில் படிக ஒழுங்கு பெரிதாக மாறுவதில்லை. அங்கே முக்கியமாக நடப்பது கழுவல். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால்தான் நார் உள்ளுக்குள் புதிதாக மாறிவிடுகிறது என்ற எண்ணம் பரவுகிறது.

கழுவலில் என்ன நடக்கிறது? காரம் மெழுகைச் சவர்க்காரம்போல் ஆக்கிக் கரைக்கிறது. ஹெமிசெல்லுலோஸையும் பெக்டினையும் பெருமளவு வெளியேற்றுகிறது. லிக்னினில் ஒரு பகுதியைக் கரைப்பதால் கரைசல் பழுப்பாகிறது. செல்களுக்கு இடையிலிருந்த பசை போனதும் கட்டு பிரிந்து மெல்லிய நார்களாகிறது. இந்தப் பிரிதலின் பலனைச் சாதாரணக் கணக்கிலேயே பார்க்கலாம். 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரு கட்டு 20 மைக்ரான் விட்டமுள்ள 25 நார்களாகப் பிரிந்தால், பொருளின் அளவு மாறாது; பிசின் தொடக்கூடிய பக்கப்பரப்போ 5 மடங்காகிறது. அதோடு மேற்பரப்பு சொரசொரப்பாவதால், பிசின் அந்தப் பள்ளங்களில் புகுந்து இறுகும்போது பூட்டுப்போல் பிடித்துக்கொள்கிறது.

காரக் கழுவல் நாரை நீர் ஒட்டாததாக ஆக்கிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. நாரில் மிக அதிகமாக நீரை உறிஞ்சும் ஹெமிசெல்லுலோஸ் வெளியேறுவதால் ஈரம் ஏற்பது குறையலாம். ஆனால் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் கொக்கிகள் முன்பைவிட வெளிப்படையாக நிற்கின்றன. அடுத்த கட்டப் பக்குவங்களுக்கு அது பேருதவி. அதையே கடைசிக் கட்டமாக எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செறிவையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனால் கேடு. தொடக்க நாட்களில் நானே ஒரு கட்டு நாரை வலுவான கரைசலில் இரவு முழுவதும் விட்டுவிட்டேன். காலையில் எடுத்தபோது பார்க்க அழகாக, பளபளப்பாக இருந்தது. உலர்ந்தபின் விரலில் சுற்றினால் நொறுங்கியது. சிமென்டையெல்லாம் உருவிவிட்டுக் கம்பிகளிலும் கைவைத்துவிட்டது காரம். நார்தோறும் செறிவு, நேரம், வெப்பநிலை மூன்றும் சேர்ந்து பார்த்துத்தான் எல்லையைக் கண்டறிய வேண்டும். ஒருவருக்குப் பலித்த சதவீதத்தை வேறொரு நாருக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

ஊறலுக்குப் பிறகு நன்றாக அலசி, மிச்சக் காரத்தை நீர்த்த அசெட்டிக் அமிலத்தால் சமன்செய்து, மீண்டும் அலசி, முழுமையாக உலர்த்த வேண்டும். செய்துபார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கண்களுக்குக் கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெப்பம் பொங்கித் தெறிக்கும். கண்ணில் பட்ட ஒரு துளி பார்வையைப் பறிக்கக்கூடியது.

இரண்டு கைகள் கொண்ட இடையாள்: சிலேன்

பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீர் தனியே கழுவாது, சோப்பு கழுவும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடிப்பதே காரணம். நாருக்கும் பிசினுக்கும் நடுவிலும் அப்படி ஒரு மூலக்கூறை வைக்க முடியும். அதற்கு இணைப்பி என்று பெயர். சோப்பின் பிடி தற்காலிகமானது. இணைப்பியின் பிடியோ நிலையான வேதிப்பிணைப்பாக இறுக வேண்டும்.

சிலேன் என்பது சிலிக்கானை நடுவில் கொண்ட இணைப்பி. கண்ணாடி இழைத் துறையில் நெடுங்காலமாகப் பழகியது. நீரில் கலந்ததும் அதன் ஒரு பக்கத்துத் தொகுதிகள் பிரிந்து ஹைட்ராக்சில்களாகின்றன. அவை முதலில் நாரின் ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்பில் மென்மையாகச் சேர்கின்றன. பிறகு சூடுபடுத்தி உலர்த்தும்போது நடுவிலிருக்கும் நீர் வெளியேறி உறுதியான பிணைப்பு உருவாகிறது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில்கள் கண்ணாடியில் இருப்பவை அளவுக்குச் சிலேனோடு எளிதில் வினைபுரிவதில்லை. ஆகவே அந்தச் சூடுபடுத்தும் கட்டத்தைத் தவிர்த்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

மறுமுனை பிசினுக்கானது. எப்பாக்சியோடு சேர அமினோ முனையுள்ள சிலேன் ஏற்றது. பாலியெஸ்டருக்கு வினைல் அல்லது மெத்தக்ரைல் முனை வேண்டும். "சிலேன் போட்டோம், பலனில்லை" என்று கேட்டால் நான் முதலில் கேட்பது எந்தச் சிலேன், எந்தப் பிசின் என்றுதான்.

பிசினையே நாருக்கு ஏற்றதாக மாற்றினால்?

தொட்டியே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பாலிபுரோப்பிலீன் சங்கிலிகள் சிலவற்றில் மேலிக் அன்ஹைட்ரைடு என்ற வினைத்தொகுதியைக் கிளையாக ஒட்டிவைப்பார்கள். இந்தக் கிளைத்த பிசினில் சில சதவீதத்தைச் சாதாரணப் பாலிபுரோப்பிலீனோடு கலந்து, நாரையும் சேர்த்து உருக்கினால் போதும். கிளை நாரின் ஹைட்ராக்சிலோடு எஸ்டர் பிணைப்பாகச் சேர்கிறது. நீண்ட உடல் சுற்றியுள்ள பிசின் சங்கிலிகளோடு, நூல்கண்டில் இன்னொரு நூல் சிக்கிக்கொள்வதுபோல், பின்னிக்கொள்கிறது. நார் அலசும் நீரில்லை, உலர்த்தும் செலவில்லை, கழிவுக் கரைசலில்லை. தொழிற்சாலைகளில் இந்த வழி வேரூன்றியதில் வியப்பேதும் இல்லை. பாலிபுரோப்பிலீனில் வேலை செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வழி இதுவே என்பது என் கருத்து.

கொக்கிக்கு மூடி: அசெட்டைலேற்றம்

நீர் வேட்கையை நேரடியாகக் குறிவைப்பது இந்த முறை. அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு நாரை வினைபுரியச் செய்தால், ஹைட்ராக்சிலில் உள்ள ஹைட்ரஜன் போய் அங்கே அசெட்டைல் தொகுதி அமர்கிறது. கொக்கிக்கு மூடி போட்டாயிற்று. தண்ணீர் பற்ற இடமில்லை. வினையில் அசெட்டிக் அமிலம் வெளியாவதால் வினிகர் வாடை வரும். அதைக் கழுவி நீக்க வேண்டும். ஹெமிசெல்லுலோஸிலும் லிக்னினிலும் உள்ள ஹைட்ராக்சில்களில்தான் வினை எளிதில் நடக்கிறது. நெருக்கமாக அடுக்கப்பட்ட செல்லுலோஸ் படிகங்களுக்குள் அது அவ்வளவாக நுழைவதில்லை, எனவே வலுவைத் தரும் கம்பிகள் பெரும்பாலும் தப்புகின்றன. மரத்திலும் இதே வினையைச் செய்து, எடை சுமார் 20% கூடும்வரை ஏற்றி, மழையில் உப்பாத பலகைகளை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

பெராக்சைடு, பெர்மாங்கனேட், பென்சாயில் குளோரைடு, ஐசோசயனேட் என்று இன்னும் பல முறைகள் உண்டு. பெக்டினை மட்டும் தேர்ந்து உடைக்கும் நொதிகளும் உண்டு. எனக்கு நொதிகளின்மேல் தனி நம்பிக்கை இருக்கிறது, அவை செல்லுலோஸைத் தொடாமல் வேலையை முடிப்பதால். தொடக்கநிலையில் இவற்றின் பெயர் தெரிந்தால் போதும்.

சுருக்கமாக: காரம் கழுவிப் பிரிக்கிறது, இணைப்பிகள் கைகோக்க வைக்கின்றன, அசெட்டைலேற்றம் நீரை விலக்குகிறது. காரத்தில் கழுவியபின் சிலேன் தடவுவதுபோல் இரண்டை அடுத்தடுத்துச் செய்வதும் வழக்கம்.

இயற்கைத்தன்மை போய்விடுகிறதா?

நீர்த்த காரத்தில் கழுவிய நார் முன்பைவிடத் தூய செல்லுலோஸ், மண்ணில் மக்கும். ஆனால் அதைப் பாலிபுரோப்பிலீனுக்குள் வைத்துச் செய்த தகடு மக்காது. அதற்குக் காரணம் பாலிபுரோப்பிலீன். பக்குவத்தின்மேல் பழிபோடுவதில் நியாயமில்லை. நாருள்ள பொருள் என்பதற்காகவே "மக்கும்" என்று முத்திரை குத்துவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். உண்மையான சுற்றுச்சூழல் கேள்வி தொட்டியின் அடியில் இருக்கிறது: லிக்னின் கலந்த அந்தப் பழுப்புக் காரநீரைச் சமன்செய்து சுத்திகரிக்காமல் வெளியே விட்டால், நாரால் கிடைத்த நன்மையை அது விழுங்கிவிடும்.

எந்தப் பக்குவமும் தாண்ட முடியாத எல்லை வெப்பம். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்டத் தாவர நார் கருகிச் சிதையத் தொடங்குகிறது. 165 டிகிரியை ஒட்டி உருகும் பாலிபுரோப்பிலீன் இத்துறையில் இவ்வளவு பரவலாகப் பயன்படுவதற்கு இது ஒரு காரணம். 260 டிகிரியை ஒட்டி உருகும் நைலான் 66 அரிதாகவே பயன்படுவதற்கும் இதுவே காரணம்.

உடைந்த முகத்தில் தெரிவது

"வலு கூடியது" என்று ஒருவர் சொன்னால் எந்த வலு என்று கேட்க வேண்டும். பக்குவத்துக்குப்பின் ஒற்றை நாரை இழுத்துப் பார்த்தால் அதன் வலு குறைந்திருக்கலாம். அதே நாரால் செய்த தகட்டின் இழுவலு கூடியிருக்கும். முரண்பாடு இல்லை, இடைமுகம் மேம்பட்டிருக்கிறது. அதே தகட்டைச் சுத்தியலால் அடித்தால் முன்பைவிட எளிதாக உடையவும் கூடும். பிடிப்பு தளர்வாக இருந்தபோது அடியின் ஆற்றலில் பெரும்பகுதி நார்களை உருவி எடுப்பதிலேயே செலவானது. பிடிப்பு மிக இறுகியதும் விரிசல் நார்களை வெட்டிக்கொண்டு நேராக ஓடிவிடுகிறது. அதனால் மோதலைத் தாங்க வேண்டிய பொருளுக்கும் விறைப்பாக நிற்க வேண்டிய பொருளுக்கும் ஒரே பக்குவம் பொருந்தாது.

இதைச் சோதிக்க ஆய்வகங்களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருக்கிறார்கள். தொடங்குபவருக்கு நல்ல கைலென்ஸே நிறையக் காட்டும். பக்குவம் செய்யாத நாரில் ஒரு பட்டை, பக்குவம் செய்த நாரில் ஒரு பட்டை வார்த்து, இரண்டையும் உடைத்து, உடைந்த முகங்களை ஒளியில் திருப்பிப் பாருங்கள். முதலாவதில் நீண்ட நார்கள் பிசின் ஒட்டாமல் சுத்தமாக நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பாதியில் அவை உருவிப்போன துளைகள் வழுவழுப்பாக இருக்கும். இரண்டாவதில், பக்குவம் பலித்திருந்தால், நார்கள் உடைந்த முகத்தை ஒட்டியே குட்டையாக அறுந்திருக்கும். அவற்றின் மேல் பிசின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.